டவுன்லோடு ஆனது படிக்க மட்டும், ஓடுவதற்கு அல்ல

கேள்வி: பாலக்கோட்டில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் சேர்த்து நடத்துகிறேன். இரண்டு விண்டோஸ் 11 சிஸ்டம் இருக்கின்றன. ஒன்று ஹோம், ஒன்று புரோ. பழைய அரசு லேப்டாப் ஒன்றில் உபுண்டு போட்டு, வருகிறவர்கள் ஃபாரம் நிரப்ப வைத்திருக்கிறோம். நானும் வேலை செய்யும் இரண்டு பெண்களும் ஒரே லாகின்தான். டவுன்லோடு எல்லாம் டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்குப் போகிறது. போன வாரம் ஓசூர் கம்பெனி வேலைக்கு விண்ணப்பித்திருந்த பையன் ஒருவன், மெயிலில் வந்த ‘ஆஃபர் லெட்டரை’ பிரிண்ட் எடுக்கச் சொன்னான். ஜிப் ஃபைல். உள்ளே இருந்ததை டபுள் கிளிக் செய்தோம், எதுவும் திறக்கவில்லை. அதிலிருந்து மனசு சரியில்லை. டவுன்லோடு ஆகும் ஃபைலுக்கு ஆரம்பத்திலேயே குறைந்த அனுமதி மட்டும் கிடைக்கும்படி செய்ய முடியுமா? எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிடு, வைரஸே வராது என்கிறான் தம்பி. உண்மையா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முதலில் அந்த ஜிப் ஃபைலைப் பார்ப்போம். ‘எதுவும் திறக்கவில்லை’ என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிடிஎஃப் கெட்டுப்போயிருந்தால் ‘திறக்க முடியவில்லை’ என்று ஒரு பெட்டியாவது வந்திருக்கும். சத்தமே இல்லாமல் போனதென்றால், ஓட வேண்டியது பின்னால் ஓடி முடித்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அந்த சிஸ்டத்தின் நெட்டைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்‌ஷன்’, அதில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’, அதில் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் பிடிக்கும். அதற்குள் வேறொரு போனிலிருந்து மெயில், இ-சேவை லாகின், வங்கி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். மாற்றும்போது ‘எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்த வேண்டும். இப்படிப்பட்ட ஃபைல்களில் பல, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) சுருட்டிக்கொண்டு போவதற்கென்றே எழுதப்பட்டவை. குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். முடியும். ஆனால் ‘அனுமதி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: படிப்பது, மாற்றி எழுதுவது, ஓட்டுவது. பட்டாவை பிரிண்ட் எடுக்கப் படிக்கும் உரிமை போதும். போட்டோவின் அளவைக் குறைக்க எழுதும் உரிமை வேண்டும். ஓட்டும் உரிமை உங்கள் கடைக்கு வரும் எந்த கஸ்டமரின் ஃபைலுக்கும் தேவையே இல்லை. சாதிச் சான்று, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட், தக்காளி மண்டி பில் எதுவுமே ‘ஓடுகிற’ ஃபைல் இல்லை. அதனால் பூட்டைக் கடுமையாகவே போடலாம். கடை வேலை கெடாது.

பூட்டுக்கான விதி ஒன்றுதான். எழுத முடிகிற இடத்தில் எதுவும் ஓடக் கூடாது. ஓடுகிற இடத்தில் எழுத முடியக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் இதை அமல்படுத்தும் வழிகள்.

அட்மின் லாகினை விட்டு இறங்குங்கள்

மூன்று பேரும் ஒரே லாகின் என்கிறீர்கள். அது அட்மின் லாகினாகத்தான் இருக்கும். விண்டோஸை முதலில் போடும்போது உருவாகும் கணக்கு எப்போதும் அட்மின். அதிலேயே நாள் முழுக்க வேலை பார்ப்பது, பீரோ சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு வியாபாரம் பார்ப்பது போல. ஃபோல்டர் பூட்டுக்கு முன்னால் இதைச் சரி செய்யாவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலைதான். அட்மினாக ஓடும் தீய நிரல், நீங்கள் போட்ட பூட்டைத் தானே கழற்றிக்கொள்ளும்.

செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுன்ட்’. மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற வரியை அழுத்தி, மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்கும் வழியில் போங்கள். புதுக் கணக்கை ‘சேஞ்ச் அக்கவுன்ட் டைப்’ மூலம் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். அந்தப் புதுக் கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து பழைய கணக்கை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக மாற்றுங்கள். உங்களோடு வேலை செய்யும் இருவருக்கும் ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் கணக்கு. அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கீபோர்டுக்கு அடியில் ஒட்ட வேண்டாம்.

கைரேகைக் கருவி வேலை செய்யுமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்தக் கருவியை இயக்கும் நிரலான ஆர்டி சர்வீஸ் விண்டோஸின் பின்னணிச் சேவையாக ஓடுவதால், பொதுவாக ஸ்டாண்டர்ட் கணக்கிலும் சிக்கல் இல்லை. அதற்குப் புதுப் பதிப்பு போடும்போது மட்டும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். கேட்க வேண்டும், அதுதான் நமக்குத் தேவை. இன்ஸ்டால் செய்யப் போவதாக நீங்கள் நினைக்காத நேரத்தில் அந்தப் பெட்டி வந்தால் ‘நோ’ போட்டுவிட்டு, எந்த ஃபைலால் வந்தது என்று பாருங்கள்.

டி டிரைவில் இருக்கும் சிக்கல்

சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை நீங்கள், சிஸ்டம், அட்மின் தவிர வேறு கணக்கு திறக்க முடியாது. விண்டோஸ் அதைத் தானாகவே செய்துவைத்திருக்கிறது. டி டிரைவில் நீங்களாக உருவாக்கிய ஃபோல்டர் அப்படியல்ல. சாதாரணமாக அந்த டிரைவின் உச்சியிலேயே ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற பெயரில், லாகின் செய்த யாரும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்ற அனுமதி இருக்கும். உள்ளே உருவாகும் ஒவ்வொரு ஃபோல்டரும் அதைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொள்ளும். ஃபார்மேட் செய்தாலும் தப்பும் என்றுதான் எல்லோரும் டி டிரைவுக்கு மாற்றுகிறார்கள். அந்த வசதிக்கு விலை இது: தனித்தனி லாகின் கொடுத்த பிறகும் கஸ்டமர்களின் ஆதார் எல்லோர் கைக்கும் எட்டும்.

இடம் போதுமென்றால் பிரவுசர் செட்டிங்கில் டவுன்லோடு இடத்தைப் பழையபடி சி டிரைவுக்கே திருப்பிவிடுவது எளிது. டி-யில்தான் வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ‘புராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’. அங்கே ‘டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ பட்டனை அழுத்தினால் இரண்டு வழி காட்டும்: இருக்கும் அனுமதிகளைச் சொந்த அனுமதிகளாக மாற்று, அல்லது எல்லாவற்றையும் நீக்கு. மாற்று என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீக்கு என்பதை அழுத்தினால் பட்டியல் காலியாகி, நீங்களே உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். மாற்றிய பின், ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’, ‘யூசர்ஸ்’ ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டு, உங்கள் கணக்கின் பெயரை ‘மாடிஃபை’ அனுமதியோடு சேருங்கள். ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் தொடாதீர்கள்.

ஓட்டும் உரிமையை எடுப்பது

அதே ‘அட்வான்ஸ்டு’ ஜன்னலில் ‘ஆட்’ அழுத்துங்கள். ‘செலக்ட் எ பிரின்சிபல்’ என்ற இடத்தில் ‘எவ்ரிஒன்’ என்று எழுதி ஓகே. ‘டைப்’ என்பதை ‘டினை’ ஆக்குங்கள். ‘அப்ளைஸ் டு’ என்பதில் ‘ஃபைல்ஸ் ஒன்லி’. வலப்பக்கம் ‘ஷோ அட்வான்ஸ்டு பெர்மிஷன்ஸ்’ என்ற இணைப்பை அழுத்தி, முதலில் ‘கிளியர் ஆல்’. பிறகு ‘டிராவர்ஸ் ஃபோல்டர் / எக்சிகியூட் ஃபைல்’ என்ற ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் டிக். ஓகே, ஓகே.

தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ‘கிளியர் ஆல்’ அழுத்தாமல் விட்டால், ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும் படிக்கும் உரிமையும் சேர்ந்து மறுக்கப்பட்டு, ஒரு பிடிஎஃப் கூடத் திறக்காது. மறுப்பு, பெரும்பாலும் அனுமதியை முந்திக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள். ‘ஃபைல்ஸ் ஒன்லி’ போடாமல் ‘இந்த ஃபோல்டர், உள்ஃபோல்டர், ஃபைல்’ என்றே விட்டால், அதே டிக் ஃபோல்டருக்குள் நுழையும் உரிமையையும் குறிக்கும். சில நிரல்கள் உள்ளே போக முடியாமல் தடுமாறும். இந்த வேலையை டவுன்லோட்ஸ், ஸ்கேன் ஃபைல்கள் விழும் ஃபோல்டர், கஸ்டமர் பென்டிரைவிலிருந்து எடுத்துப்போடும் ஃபோல்டர் ஆகியவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். உற்சாகத்தில் மொத்த சி டிரைவுக்கும் போட்டுவிடாதீர்கள், விண்டோஸே எழாது.

சோதித்துப் பார்க்க, 7-ஜிப்பின் இன்ஸ்டாலரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி டபுள் கிளிக் செய்யுங்கள். ‘குறிப்பிட்ட ஃபைலை விண்டோஸால் அணுக முடியவில்லை, உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெட்டி வந்தால் பூட்டு விழுந்துவிட்டது. ஒரு பிடிஎஃப், ஒரு ஜேபெக் திறந்து, பிரிண்டும் கொடுத்துப் பாருங்கள். அவை பழையபடியே போக வேண்டும்.

அப்படியானால் நல்ல இன்ஸ்டாலரை எப்படிப் போடுவது? அட்மின் மட்டுமே எழுதக்கூடிய ஒரு ஃபோல்டரை சி டிரைவில் தனியாக வைத்து, அட்மின் கணக்கில் நுழைந்து அங்கே காப்பி செய்து ஓட்டுங்கள். காப்பிதான்; கட் அண்டு பேஸ்ட் அல்ல. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் தன் பழைய அனுமதிகளையும் கூடவே தூக்கிக்கொண்டு போகலாம். காப்பி செய்தால் புது ஃபோல்டரின் அனுமதி வரும்.

இந்தப் பூட்டு எதைத் தடுக்காது

உங்கள் கடையில் நடந்ததை இந்தப் பூட்டு மட்டும் தடுத்திருக்காது. ஜிப் ஃபைலைத் திறந்து, அதே ஜன்னலுக்குள் இருக்கும் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், அது டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓடுவதில்லை. விண்டோஸும் சரி, 7-ஜிப், வின்ரார் போன்றவையும் சரி, அதை ‘டெம்ப்’ என்ற தற்காலிக ஃபோல்டரில் பிரித்துவைத்து அங்கிருந்து ஓட்டுகின்றன. வாசல் கதவைப் பூட்டினாலும் கொல்லைப்பக்கம் திறந்துதான் இருக்கிறது. ‘டெம்ப்’ ஃபோல்டருக்கும் அதே ‘டினை’ போட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். நல்ல இன்ஸ்டாலர்களும் அப்டேட்டுகளும் தங்களைப் பிரித்துக்கொண்டு ஓடுவது அங்கேதான். அடுத்த மாதம் ஏதோ ஒன்று அப்டேட் ஆகாமல் நிற்கும், காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஹோம் சிஸ்டத்தில் இதற்குப் பழக்கம்தான் மருந்து. ஜிப் எதுவானாலும் ரைட் கிளிக் செய்து ‘எக்ஸ்ட்ராக்ட்’ கொடுத்து, பூட்டிய ஃபோல்டருக்குள்ளேயே பிரித்து, பிறகு திறப்பது. பிரிந்து வரும் ஃபைல்களும் அந்தத் தடையை ஏற்கும். ஜிப் ஜன்னலிலிருந்து மௌஸால் இழுத்துப் போடுவது வேறு. சில மென்பொருள்கள் முதலில் டெம்ப்பில் பிரித்துப் பிறகு நகர்த்துவதால் தடை ஒட்டாமல் போகக்கூடும். கூடவே ஃபைல் பெயரின் வாலைக் காட்டச் சொல்லுங்கள்: எக்ஸ்புளோரரில் ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. தெரிந்த வால்களை விண்டோஸ் தானாக மறைத்துவிடுவதால், ‘ஆஃபர் லெட்டர்.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ’ என்ற பெயர் ‘ஆஃபர் லெட்டர்.பிடிஎஃப்’ என்று மட்டும் தெரியும். அனுப்பியவன் ஐகானையும் பிடிஎஃப் ஐகானாகவே வைத்திருப்பான். உங்களிடம் வந்ததும் இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டாவது ஓட்டை ஸ்கிரிப்ட். ஓட்டும் உரிமையை எடுத்தால் ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர் போன்றவை நிற்கும். ஆனால் ஜேஎஸ், விபிஎஸ், எச்டிஏ, ஜார், எம்எஸ்ஐ ஃபைல்கள் தாமாக ஓடுவதில்லை. விண்டோஸிலோ சிஸ்டத்திலோ ஏற்கெனவே இருக்கும் இன்னொரு நிரல் அவற்றைப் ‘படித்து’ அதன்படி நடக்கிறது. படிக்கும் உரிமை இருக்கிறதே! மேக்ரோ (ஃபைலுக்குள்ளேயே பதிந்த சிறு நிரல்) வைத்த வேர்டு, எக்செல் ஃபைலும் இந்தக் கணக்குதான். இதற்கு எளிய மாற்று: செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’, ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ போய், மேலே உள்ள பெட்டியில் ஜேஎஸ், ஜேஎஸ்ஈ, விபிஎஸ், விபிஈ, டபிள்யூஎஸ்எஃப், எச்டிஏ ஆகிய ஒவ்வொரு வாலையும் புள்ளியோடு எழுதி, திறக்கும் நிரலாக நோட்பேடை வையுங்கள். இனி யாராவது டபுள் கிளிக் செய்தால் புரியாத எழுத்துகள் ஒரு பக்கம் திறக்கும், அவ்வளவுதான். ஆறு வால், பத்து நிமிட வேலை. நோட்பேடு மாற்றம் லாகினுக்கு லாகின் தனி என்பதால் மூன்று கணக்கிலும் செய்ய வேண்டும்.

புரோ சிஸ்டத்துக்கு ஆப்லாக்கர்

புரோவில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ இருக்கிறது. ஹோமில் அந்த ஜன்னல் கிடையாது. அதில் ‘அப்ளிகேஷன் கண்ட்ரோல் பாலிசீஸ்’, ‘ஆப்லாக்கர்’. எந்த நிரல் ஓடலாம், எது கூடாது என்று விதி எழுதும் வசதி இது. ‘எக்சிகியூட்டபிள் ரூல்ஸ்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘கிரியேட் டிஃபால்ட் ரூல்ஸ்’ கொடுத்தால் மூன்று விதி வரும்: விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பது எல்லோருக்கும் ஓடலாம், புரோகிராம் ஃபைல்ஸில் இருப்பது எல்லோருக்கும் ஓடலாம், அட்மினுக்கு எதுவும் ஓடலாம். வேறெதுவும் ஓடாது. அந்த இரண்டு ஃபோல்டரிலும் ஸ்டாண்டர்ட் கணக்கால் பொதுவாக எழுத முடியாது. மேலே சொன்ன விதி அப்படியே இங்கே அமலாகிறது. ‘டெம்ப்’ ஓட்டையும் இதில் அடைபடும். (விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளேயே எழுத விடும் சில உள்ஃபோல்டர்கள் உண்டு. குறைந்தது அதிலிருக்கும் ‘டெம்ப்’பை முதல் விதியில் ‘எக்செப்ஷன்’ ஆகச் சேர்த்துவிடுங்கள்.)

‘விண்டோஸ் இன்ஸ்டாலர்’, ‘ஸ்கிரிப்ட்’, ‘பேக்கேஜ்டு ஆப்’ மூன்றுக்கும் இதேபோல் டிஃபால்ட் விதி உருவாக்க வேண்டும். கடைசியானதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் அமல்படுத்தினால், ஸ்டோர் வகைச் செயலிகள் ஒன்றும் திறக்காது. கால்குலேட்டர் கூட வராமல் நிற்கும்போதுதான் பலர் ஆப்லாக்கரையே கழற்றிப் போடுகிறார்கள்.

உடனே அமல்படுத்தாதீர்கள். ‘கான்ஃபிகர் ரூல் என்ஃபோர்ஸ்மென்ட்’ என்பதில் ஒரு வாரம் ‘ஆடிட் ஒன்லி’ வையுங்கள். ‘ஈவென்ட் வியூவர்’ போய், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஆப்லாக்கர் என்று இறங்கினால் பதிவுகள் இருக்கும். 8003 என்ற எண், ‘அமலில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பேன்’ என்று பொருள். 8004 என்றால் தடுத்தேவிட்டது. அந்த வாரத்தில் கடைக்குத் தேவையான ஏதாவது 8003-இல் வந்தால், அது பெரும்பாலும் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டரில் குடியிருக்கும் நிரலாக இருக்கும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் இன்ஸ்டால் ஆகிற மீட்டிங் செயலிகள், சில பிரவுசர்கள் இந்த வகை. அவற்றை எடுத்துவிட்டு, ‘எல்லாப் பயனருக்கும்’ என்ற முறையில் புரோகிராம் ஃபைல்ஸில் போட்டால் தீர்ந்தது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் நிரலையும் அந்த வாரமே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

விதி எல்லாம் எழுதியும் ஒன்றுமே தடுக்கப்படவில்லை என்றால், ‘அப்ளிகேஷன் ஐடென்டிட்டி’ என்ற சேவை ஓடவில்லை என்று அர்த்தம். அதை ‘சர்வீசஸ்’ ஜன்னலில் தானாகத் தொடங்கும்படி மாற்ற முயன்றால் அனுமதி மறுக்கும். அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ட்டில் எஸ்சி கான்ஃபிக் கட்டளையால்தான் மாற்ற முடியும்.

ஹோம் சிஸ்டத்தில் ஆப்லாக்கர் ஜன்னல் இல்லாவிட்டாலும், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்டு பிரவுசர் கண்ட்ரோல்’ பகுதியில் நம்பகமில்லாத நிரல்களை ஓடவிடாமல் தடுக்கும் ‘ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல்’ இருக்கிறதா பாருங்கள். ஆன் என்றோ எவாலுவேஷன் என்றோ இருந்தால் அப்படியே விடுங்கள். எரிச்சலில் அணைத்துவிட்டால், திரும்பப் போட சிஸ்டத்தையே ரீசெட் செய்ய வேண்டி வரலாம்.

பென்டிரைவ்

நெட்டிலிருந்து வந்த ஃபைலின் மேல் விண்டோஸ் ஒரு மறைமுத்திரை குத்துகிறது. ‘இது வெளியிலிருந்து வந்தது’ என்ற குறிப்பு. விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் காவல் எச்சரிப்பதும், 2022-க்குப் பிறகு வந்த ஆஃபீஸ் பதிப்புகள் மேக்ரோவைத் தடுப்பதும் அந்த முத்திரையைப் பார்த்துத்தான். ஆனால் அது என்டிஎஃப்எஸ் டிரைவில் (விண்டோஸின் சி, டி டிரைவுகளின் வழக்கமான ஃபார்மேட்) மட்டும் தங்கும். பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். அதில் காப்பி செய்த நொடியே முத்திரை அழிந்துவிடும். கஸ்டமர் வீட்டில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவரும் ஃபைல், உங்கள் சிஸ்டத்துக்கு உள்ளூர்ப் பிள்ளை மாதிரி தெரியும். ஒரு எச்சரிக்கையும் வராது. நீங்கள் போட்ட ‘டினை’யும் பென்டிரைவில் செல்லாது, ஏனென்றால் ஃபேட் முறையில் அனுமதி எழுதிவைக்க இடமே இல்லை.

ஆகவே பென்டிரைவிலிருந்து நேராகத் திறப்பது கூடாது. முதலில் பூட்டிய ஃபோல்டருக்குக் காப்பி, பிறகு திறப்பது. புரோ சிஸ்டத்தில் இதைக் கட்டாயமாக்கவே வழி உண்டு: குரூப் பாலிசியில் ‘கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ்’ என்று போய், ‘ரிமூவபிள் டிஸ்க்ஸ்: டினை எக்சிகியூட் ஆக்சஸ்’ என்பதை எனேபிள் செய்யுங்கள்.

7-ஜிப் பயன்படுத்தினால் ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘7-ஜிப்’ பக்கத்தில், மேலே சொன்ன மறைமுத்திரையை (அங்கே ‘ஜோன் ஐடி’ என்று இருக்கும்) பிரித்த ஃபைல்களுக்கும் கடத்தச் சொல்லும் தேர்வு உண்டு. அது தானாக ஆன் ஆகியிருக்காது, ‘எஸ்’ ஆக்குங்கள். வின்ரார் என்றால் பதிப்பு 7.13 அல்லது அதற்குப் புதியதாக இருக்க வேண்டும். பழைய பதிப்புகளின் ஓட்டை வழியாக ஃபைலைப் பிரித்த மாத்திரத்தில் வேறொரு ஃபோல்டரில் நிரலை நட்டுவைத்த தாக்குதல்கள் 2025-இல் நடந்தன. வின்ரார் தானாக அப்டேட் ஆகாது.

யார் படிக்கலாம்

ஓட்டுவதைத் தடுப்பது பாதிக் கதை. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இந்த நிமிடம் எத்தனை பேரின் ஆதார் கிடக்கிறது? இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும்தான்; எழுத்து ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. அந்த இரண்டும் பக்கத்திலேயே கிடக்கும் மதிப்பெண் சான்றில் இருக்கிறது. எனவே அந்தப் பாஸ்வேர்டை ஒரு பூட்டாக எண்ண வேண்டாம். ஸ்டாண்டர்ட் கணக்கில் ஓடும் திருட்டு நிரலுக்கும் உங்கள் ஃபைல்களைப் படிக்கும் உரிமை உண்டு. கணக்கின் பெயரால் ஓடுவதால் கணக்கின் உரிமை அதற்கும் கிடைக்கிறது. எந்த அனுமதி மாற்றமும் இதைத் தீர்க்காது. அங்கே இல்லாத ஃபைலைத்தான் யாராலும் திருட முடியாது.

‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’, ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ போங்கள். டவுன்லோட்ஸில் திறக்கப்படாமல் கிடக்கும் ஃபைலை 1, 14, 30, 60 நாளில் அழிக்கச் சொல்லலாம்; தானாக ‘நெவர்’ என்றே இருக்கும். உங்கள் கடைக்கு 1 நாள் பொருந்தும். ரீசைக்கிள் பின்னுக்கும் அதே 1 நாள். கடைக்கான பில், ரசீது எல்லாம் வேறு ஃபோல்டரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அவையும் போய்விடும். டி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரை ஸ்டோரேஜ் சென்ஸ் தொடாது. சி டிரைவுக்குத் திரும்புங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேனருக்காகப் பகிர்ந்து வைத்த நெட்வொர்க் ஃபோல்டர் இருந்தால் அதில் ‘எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். ஸ்கேனருக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

தம்பி சொல்லும் லினக்ஸ்

பாதி சரி. லினக்ஸில் பிரவுசர் இறக்கும் ஃபைலுக்கு ஓட்டும் உரிமை ஆரம்பத்திலேயே கிடையாது. கணக்கு இப்படி: படிக்க 4, எழுத 2, ஓட்ட 1. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இலக்கம். புது ஃபைலை நிரல்கள் சாதாரணமாக 666 என்று கேட்டு உருவாக்கும். 666-இல் ஓட்டும் 1 இல்லவே இல்லை. அதிலிருந்து யூமாஸ்க் என்ற எண் எதைக் கழிக்கச் சொல்கிறதோ அது போகும். யூமாஸ்க் 022 என்றால் ஃபைல் 644: நீங்கள் எழுதலாம், மற்ற எல்லோரும் படிக்கலாம். 077 என்றால் 600: உங்களைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. நீங்கள் கேட்ட ‘ஆரம்பத்திலேயே குறைந்த அனுமதி’ லினக்ஸில் இந்த ஒரு எண்தான்.

இடிசி ஃபோல்டரில் உள்ள லாகின்.டெஃப்ஸ் என்ற ஃபைலில் யூமாஸ்க் வரியில் 022 இருக்கும். அதை 077 ஆக்கி, லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். ஒரு ஃபைலை இறக்கிப் பாருங்கள். 600-க்குப் பதில் 660 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். உபுண்டுவில் ஒவ்வொரு பயனருக்கும் அவர் பெயரிலேயே ஒரு குழு இருக்கிறது, அதில் அவர் மட்டும்தான் உறுப்பினர். அதனால் 077-ஐ 007 ஆகத் தளர்த்திவிடுகிறது. ஏற்கெனவே கிடக்கும் ஃபைல்களை இந்த மாற்றம் தொடாது. அவற்றைச் சரி செய்ய, அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை ஃபோல்டர் முழுக்க 600 என்று ஓட்டிவிடாதீர்கள். ஃபோல்டருக்கு 1 என்பது உள்ளே நுழையும் உரிமை. அது போனால் உங்கள் ஃபோல்டருக்குள் உங்களாலேயே போக முடியாது. எண்ணுக்குப் பதில் எழுத்து முறையில், குழுவுக்கும் மற்றவருக்கும் இருப்பதை மட்டும் கழிக்கச் சொல்வதே பாதுகாப்பு.

தம்பி சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இது. ஜிப், டார் ஃபைலைப் பிரிக்கும்போது உள்ளே பதிந்துவைத்த ஓட்டும் உரிமையும் கூடவே வந்துவிடும். ஃபேட் பென்டிரைவைச் செருகினால், அதில் அனுமதி எழுதிவைக்க இடமில்லாததால், எல்லா ஃபைலும் ஓட்டக்கூடியதாகவே காட்டப்படலாம்; மவுன்ட் செய்யும்போது (டிரைவை சிஸ்டத்தோடு இணைக்கும்போது) ‘எதுவும் ஓடக் கூடாது’ என்னும் நோஎக்செக் தேர்வைக் கொடுத்தால் அது நிற்கும். ஆனால் ஷெல், பைத்தான் ஸ்கிரிப்டை அந்தந்த நிரலின் பெயரைச் சொல்லி ஓட்டினால் நோஎக்செக் தடுக்காது. விண்டோஸில் ஜேஎஸ் ஃபைலுக்குச் சொன்ன அதே காரணம்தான்: ஓடுவது வேறொன்று, இது படிக்கப்படுகிறது. தவிர, கைரேகைக் கருவியின் ஆர்டி சர்வீஸுக்கும் டோக்கனுக்கும் லினக்ஸ் ஆதரவு இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் மூன்றையும் மாற்றினால் மறுநாள் காலை கடை நின்றுவிடும். கஸ்டமர் கைக்குப் போகும் அந்த அரசு லேப்டாப் மட்டும் லினக்ஸிலேயே இருக்கட்டும். அதில் கஸ்டமருக்கென்று தனிக் கணக்கு, சூடோ உரிமை (லினக்ஸின் அட்மின் உரிமை) இல்லாமல். உபுண்டு 21.04-க்கு முந்தைய பதிப்பு என்றால் ஒவ்வொருவரின் ஹோம் ஃபோல்டரும் மற்றவருக்குத் திறந்தே இருக்கும். பழைய லேப்டாப் என்பதால் இதை முதலில் பாருங்கள், 755 என்று இருந்தால் 750 ஆக்குங்கள்.

கடையின் வாட்ஸ்அப் போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ‘அபராத சலான்’, ‘உதவித்தொகை’ என்ற பெயரில் ஏபிகே ஃபைல்கள் (ஆண்ட்ராய்டு செயலியை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) அதில்தான் வரும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்’ என்று தேடி, வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி இல்லை என்று வையுங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’ பகுதியில் தானாக டவுன்லோடு ஆவதையும் நிறுத்திவிடுங்கள்.